கோழிக்கும் குணம் இருக்கிறது, எங்கள் மொட்டைக் கழுத்துக்காரியே சாட்சி

"கோழிகளுக்கு உண்மையிலேயே தனித்தனிக் குணம் உண்டா, இல்லை வளர்ப்பவர்கள் பாசத்தில் கட்டிவிடும் கதையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. எங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கம், இரணைமடு வாய்க்கால் பாயும் இடம். 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்பே அம்மா மூன்று பேடும் ஒரு சேவலும் வாங்கிவிட்டார், அன்றிலிருந்து வளவில் கோழி இல்லாத நாளே இல்லை.

ஒரு கை குறுணியை எறிந்துவிட்டு யார் யாரைக் கொத்துகிறது என்று மட்டும் ஒரு கிழமை பாருங்கள். எப்போதும் ஒரே வரிசைதான். நோர்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே 1921இல் இதை ஆராய்ச்சியாக எழுதினார், ஆனால் கோழி வளர்க்கும் எந்த அம்மம்மாவைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். எங்கள் வளவில் அந்த வரிசையின் கடைசி ஆள் ஒரு மொட்டைக் கழுத்துப் பேடு. எல்லோரும் தின்று போன பிறகு மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பாள், இரவில் மாமரத்தில் ஏறினாலும் அவளுக்கு நுனிக் கொப்புதான், மழை நேரே தலையில் விழும். சரியான மக்கு என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அப்புறம் அவள் அடைகிடந்தாள். பழைய கடகத்தில் வைக்கோல் போட்டு பதினொரு முட்டை வைத்தோம். இருபதாம் நாள் இரவு டோர்ச்சோடு போய்க் காதை வைத்தால், ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச், அதற்கு இவள் தொண்டைக்குள்ளேயே 'குறுக் குறுக்' என்று பதில், திரும்பவும் கீச். அடுத்த நாள் ஒன்பது பொரித்தது. குஞ்சுகளோடு முற்றத்துக்கு வந்த அன்றே, இவ்வளவு காலம் இவளைக் கொத்திய சாம்பல் பேட்டைக் கிணற்றடி சுற்றி விரட்டியதைப் பார்த்தேன், சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக. வேலிக்குள்ளால் கீரி தலை நீட்டியபோதும் ஓடவில்லை, நேரே அதன் முகத்துக்குப் பாய்ந்தாள், கீரிதான் திரும்பிப் போனது. குறுணியும் முதலில் அவளுக்குத்தான். ஆனால் இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகளைத் தானே கொத்திப் பிரித்துவிட்டுப் பழையபடி நுனிக் கொப்புக்கே போய்விட்டாள். அந்த வீரம் எங்கே போனது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

சேவல்களிலும் இந்தக் கதை உண்டு. மூன்று நின்றன, விடியப்புறம் பெரியது கூவும்வரை மற்ற இரண்டும் வாயைத் திறக்காது. கொழும்பிலிருந்து மாமா குடும்பம் வந்தபோது பெரியதைச் சமைத்தோம், மறுநாளே இரண்டாவது எழுந்து முதலில் கூவியது, துக்கம் எல்லாம் இல்லை. ஜப்பானில் நகோயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் 2015இல் இதையே எழுதினார்கள், கொத்து வரிசையில் மேலே நிற்பது முதலில், அதை எடுத்துவிட்டால் அடுத்தது.

மாடு வேறு மாதிரி. எங்கள் சிவலைக்கு அம்மாவின் கைதான் வேண்டும். அம்மா காய்ச்சலில் படுத்த ஒரு நாள் நான் செம்போடு போய்க் குந்தினேன், கன்று முட்டியும்கூட ஒரு சுண்டுதான் வந்தது, மிச்சத்தை ஒளித்துவிட்டாள். ஆள் மாறினால் மாடு வெருளும், வெருண்டால் பால் இறங்குவது நின்றுவிடும், அவ்வளவுதான் காரணம், ஆனால் அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு அந்த விளக்கம் போதாது. கடைசியில் அம்மாவின் பழைய சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன், கொஞ்சம் இறங்கினாள்.

ஆட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். படலைக் கயிற்றைக் கொம்பால் தூக்கிக் கழற்றப் பழகிய மறி ஒன்று இருக்கிறது, அது திறந்துவிட்டு நிற்கும், திட்டு வாங்குவது மற்ற ஆடுகள்.

மொட்டைக் கழுத்துக்காரி இந்தக் கிழமை மறுபடி அடை. முட்டையெல்லாம் எடுத்தாயிற்று, வெறும் கடகத்தில் கிடக்கிறாள். தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை கலையும் என்கிறார் அம்மா. எனக்குக் கை வரவில்லை, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஏழு முட்டை கேட்டு வைத்திருக்கிறேன்.