அப்பாவுக்குக் காது மெஷின்: எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: அப்பா குமாரபாளையத்தில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர், வயது 68. இரண்டு காதும் நடுத்தர அளவில் மந்தம் என்று ஆடியோகிராமில் வந்திருக்கிறது. கடையில் ஜோடி 2,40,000 ரூபாய் சொல்கிறார்கள், இஎம்ஐயும் உண்டாம். வாங்காவிட்டால் மறதி நோய் வரும் என்கிறார்கள். அப்பாவுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இல்லை. அவசரத்துக்கென்று 3 லட்சம் எஃப்டியில் வைத்திருக்கிறேன். உடைக்கலாமா?

பதில்: உடைக்காதீர்கள், இஎம்ஐயும் வேண்டாம். இன்ஷூரன்ஸ் இல்லாத 68 வயதுக்காரர் வீட்டில் இருக்கும்போது அந்த 3 லட்சம்தான் உங்கள் ஆஸ்பத்திரிப் பணம். அதற்காக மெஷினைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, விலையைத்தான் குறைக்கச் சொல்கிறேன்.

முதலில் அந்த மறதி பயம். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 70 முதல் 84 வயது வரை 977 பேரை 3 வருஷம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே மறதி வரும் ஆபத்து அதிகம் இருந்த பிரிவில் மட்டும் நினைவாற்றல் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கும் வெறும் மெஷினை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை, ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், பலமுறை உட்கார வைத்து டியூன் செய்து பழக்கியிருக்கிறார். விலை கூடினால் மறதி குறையும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

இதை அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் அம்மாவுக்கு 1,10,000 ரூபாய்க்கு வாங்கிய மெஷின் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் தூங்குகிறது. வாங்கிய கடை இரண்டாம் தடவை டியூனிங்குக்கு இழுத்தடித்தது, குக்கர் விசில் மண்டையைப் பிளக்கிறது என்று அம்மா கழற்றி வைத்தவர்தான்.

மெஷின் சுமார் 5 வருஷம் உழைக்கும் என்று வையுங்கள். 2,40,000 என்றால் மாதம் 4,000 ரூபாய். ஒரு காதுக்கு 20,000 முதல் 35,000 வரையிலேயே புரோகிராம் செய்யக்கூடிய டிஜிட்டல் மெஷின் கிடைக்கிறது, வீட்டுப் பேச்சும் டிவியும் கேட்க பெரும்பாலும் அது போதும். பேட்டரி தனி. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13ஆம் நம்பர் என்றால் இரண்டு காதுக்கும் மாதம் ஏறக்குறைய ஒரு அட்டை ஆகும். ஸ்டிக்கரை உரித்துவிட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் தீர ஆரம்பித்துவிடும், அப்பாவிடம் சொல்லிவையுங்கள். கடையில் ட்ரையல் எத்தனை நாள், டியூனிங் எத்தனை தடவை இலவசம் என்று எழுதி வாங்குங்கள். பில்லில் மெஷினுக்கு ஜிஎஸ்டி போட்டால் ஏன் என்று கேளுங்கள், காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

அரசு உதவி? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கணக்கில் வரும். நடுத்தர மந்தம் பொதுவாக அதற்குக் கீழே நின்றுவிடும், அதனால் மாற்றுத்திறனாளி சான்றிதழை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆனால் மூத்த குடிமக்களுக்கான ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் வேறு. 60 வயது தாண்டி, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அல்லது மாத வருமானம் 15,000க்கு மேல் போகாதவர்களுக்கு முகாமில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். சாதாரண மாடல்தான். அடுத்த முகாம் எப்போது என்று கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். கொஞ்சம் அலைய முடியுமென்றால் மைசூரில் 1965இலிருந்து இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் பரிசோதனையும் உண்டு, சலுகை விலையில் மெஷினும் உண்டு.

அப்புறம் வரி. நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், இன்ஷூரன்ஸ் இல்லாத 60 தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 50,000 வரை கழிவு உண்டு, நாம் 80டி என்று சொல்லிப் பழகியதுதான். காது மெஷினை அதில் காட்டலாமா என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடைக்காது, யுபிஐயிலோ கார்டிலோ கட்டி, அப்பா பெயரும் மெஷின் சீரியல் நம்பரும் போட்ட பில் வாங்கி வையுங்கள்.