வன்னியில் பதிவான பாடல் ‘ஹாட் 100’ பட்டியலில் இடம்பெற முடியுமா?

கிளிநொச்சியில் ஒலிப்பதிவு செய்த உங்கள் பாடல் ஊரெல்லாம் ஒலித்தும் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ‘ஹாட் 100’ பாடல் தரவரிசைப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தகுதி இல்லாமல் இல்லை. பாடல் எங்கே பிறந்தது என்பதை அந்தப் பட்டியல் பார்ப்பதில்லை, எங்கே கேட்கப்பட்டது என்பதையே பார்க்கிறது. அமெரிக்காவுக்குள் நடக்கும் ஸ்ட்ரீமிங், விற்பனை, வானொலி ஒலிபரப்பு மட்டுமே அதன் கணக்கு. ஏ9 வீதி பஸ்களில் பென்டிரைவிலிருந்து எத்தனை முறை ஒலித்தாலும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் ஒலிபெருக்கி அதிர்ந்தாலும் அது சேராது. லண்டனில் உள்ள உறவினர் கேட்டால் பிரித்தானியப் பட்டியலுக்குப் போகும். அங்கும் 30 வினாடியாவது ஓடியிருக்க வேண்டும்.

விதிகள் நிலையானவை அல்ல. 1998 டிசம்பர் வரை, தனிப்பாடலாக (சிங்கிள்) கடைக்கு வராத பாடலுக்கு ‘ஹாட் 100’ பட்டியலில் இடமே கிடையாது. வானொலிகள் ஓயாமல் ஒலிபரப்பிய பாடல்கள்கூட அதனால் வெளியே நின்றன. அது, கேட்டவர்களுக்குச் செய்த அநீதி என்றே சொல்வேன். பிரித்தானியா தனிப்பாடல் பட்டியலில் ஸ்ட்ரீமிங்கைச் சேர்த்தது 2014இல்தான்.

பட்டியல்களின் கணக்கில் உங்கள் பாடல் சேர வேண்டுமானால், முதலில் இணைய விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகப் பாடலை வெளியிடுங்கள். அப்போது ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட ஐஎஸ்ஆர்சி (ISRC) குறியீடு கிடைக்கும். மேடையில் பாடிய பதிப்பையும் வெளியிட்டால் அதற்குத் தனிக் குறியீடு வேண்டும்.