பேழையும் களிமண் பலகையும்

கேள்வி: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவர் சரிந்தது முதல் வேதாகமத்தில் பேழை கட்டிப் பெருவெள்ளத்தில் தப்பிய நோவாவின் கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அது பாபிலோனியரிடமிருந்து வந்தது என்கிறார் மருமகன். உண்மையா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: மருமகன் சொல்வதில் பெரும்பகுதி சரியே, அம்மா. இன்றைய ஈராக்கிலுள்ள பண்டைய நகரான நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் படித்த ஜார்ஜ் ஸ்மித், 1872 டிசம்பரில் லண்டனில் அறிவித்த, கில்காமேஷ் என்னும் பழைய பாபிலோனியக் காவியத்தின் பகுதியில், உத்னபிஷ்டிம் என்பவன் தெய்வத்தின் எச்சரிக்கையால் படகு கட்டி, அது மலையில் தங்கியபின் புறா, தகைவிலான் குருவி, காகம் என ஒவ்வொன்றாகப் பறக்கவிடுகிறான்; முதலிரண்டும் திரும்பிவர, காகம் மட்டும் வரவில்லை. நோவாவின் கதையைச் சொல்லும் ஆதியாகமத்தில் காகம் முந்துகிறது, புறா பிந்துகிறது. இவ்வளவு நுட்பமான ஒற்றுமையைத் தற்செயல் என ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கும் மூத்தது, இதே வெள்ளக் கதையைச் சொல்லும் அத்ராகசிஸ் என்னும் பாபிலோனியக் காவியம். அதன் பிரதி கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

உங்கள் வேதாகமத்தையே கூர்ந்து பாருங்கள். ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் ஒவ்வொரு ஜீவனிலும் ஒரு ஜோடி. 7ஆம் அதிகாரத்திலோ சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி. மழை 40 நாள், வெள்ளம் 150 நாள். இரண்டு மரபுகள் ஒன்றாகப் பின்னப்பட்டதன் தடயம் இது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஆனால், மருமகனிடம் இதையும் சொல்லுங்கள்: அத்ராகசிஸில் மனிதரின் கூச்சல் தெய்வத்தின் தூக்கத்தைக் கெடுத்ததால் வெள்ளம் வருகிறது; ஆதியாகமத்தில் பூமி கொடுமையால் நிறைந்ததே காரணம்.