ஜீன் டெஸ்ட் இருக்கட்டும், முதலில் அப்பாவுக்கு ஸ்கேன்

கேள்வி: குடியாத்தம் பக்கம் விவசாயக் குடும்பம். போன மாதம் வரை நிலக்கடலைக் கணக்கைப் பைசா பிசகாமல் சொன்ன அப்பா (74), பத்து நாளாகச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். பகலில் தூங்குகிறார், நடுராத்திரியில் மோட்டார் போடக் கிளம்புகிறார். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கி இரண்டு நாளாகக் கொடுக்கிறோம். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். மூன்று வாரம் முன்பு வரப்பில் வழுக்கி விழுந்தார், காயம் இல்லை. தாத்தா, பெரியப்பா இருவருக்கும் எண்பது வயதுக்கு மேல் ஞாபகம் போய்விட்டது. எனக்கு 46 வயது, இப்போதே பெயர்கள் மறக்கின்றன. இணையத்தில் சொல்லும் ஜீன் டெஸ்ட் எடுக்கட்டுமா?

பதில்: இதைப் படித்ததும் அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

பரம்பரை மறதி பத்து நாளில் வராது. சொன்னதையே சொல்வது, கணக்கு பிசகுவது, பழகிய வழி தப்புவது என்று வருடக்கணக்கில் மெல்ல வரும். நன்றாக இருந்த பெரியவர் சில நாளில் தடுமாறினால் உடனே காரணம் தேட வேண்டும். உங்கள் அப்பா விஷயத்தில் என் கவலை அந்த வரப்பில் விழுந்ததுதான். வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்பதால், லேசான அதிர்ச்சிக்கே அறுந்துவிடும். வெளியே காயம் தெரியாது. உள்ளே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, சில வாரம் கழித்து மூளையை அழுத்தும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து கூடுதல். சி.டி. ஸ்கேனில் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். கசிவு இருந்து, தேவையும் பட்டால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடித்துவிடுவார்கள். அதன்பின் பழையபடி தெளிவாகப் பேசுகிறவர்கள் நிறைய பேர். ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு, சர்க்கரை, சிறுநீர்த் தொற்று என்று பார்ப்பார்கள். இவையும் சரிசெய்யக் கூடியவைதான்.

வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தூக்க மாத்திரையை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? குழம்பியிருக்கும் பெரியவரை அது இன்னும் குழப்பும், மறுபடி விழவும் வைக்கும். போதாததற்கு, இந்த மயக்கம் நோயாலா மாத்திரையாலா என்று பார்க்கிற டாக்டருக்கும் புரியாமல் போகும். இனி கொடுக்காதீர்கள். அந்த அட்டையை மறக்காமல் எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின் விஷயத்தையும் சொல்லுங்கள், அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவர்கள் முடிவெடுக்கட்டும்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். இணையத்தில் மிரட்டுவது ‘ஏ.பி.ஓ.ஈ. 4’ என்ற ஜீன் வகையை வைத்து. அது இருந்தால் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். இருந்தும் கடைசி வரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு, இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்போடு இறங்கும் அல்சைமர் வகை மிக அரிது. அது பெரும்பாலும் அறுபதுக்கு முன்பே தொடங்கிவிடும். உங்கள் வீட்டில் எண்பதுக்கு மேல் வந்ததைப் பார்த்தால் அந்த வகை போலத் தெரியவில்லை. மறந்த பெயர் சற்று நேரத்தில் நினைவுக்கு வந்தால் அது நோயும் இல்லை. டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

நடு வயதில் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பின்னாளில் மூளையைக் கெடுக்கும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அப்பாவுக்கு ஸ்கேன் முடிந்ததும் அங்கேயே உங்களுக்கும் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.