சேற்றில் மூச்சுவிடும் கெளுத்தி: கேள்வி பதில்

இன்றைக்குக் கிளாரியாஸ் பேரினம் மட்டும். வடக்கே மாகூர், கேரளத்தில் முஷி, சந்தையில் ‘ஆப்பிரிக்கன் கெளுத்தி’ என்று விற்பது எல்லாம் இதில் அடக்கம். ஆப்பிரிக்கன் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்தவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கூடையில் போட்டு வைத்தாலும் மணிக்கணக்கில் சாகாமல் கிடக்கிறதே, எப்படி சார்?

செவுளுக்கு மேலே தலையின் இரண்டு பக்கமும் ஓர் அறை இருக்கிறது. அதற்குள், இரண்டாம், நான்காம் செவுள் வளைவுகளிலிருந்து கிளம்பிய ஓர் உறுப்பு காலிபிளவர் மாதிரிக் கிளைவிட்டு நிற்கும். அது முழுக்க ரத்த நாளங்கள். மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்து அந்த அறையில் அடைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்து கலங்கிய குட்டையில் ஆக்சிஜன் அற்றுப்போய் மற்ற மீன்கள் மிதக்கும்போது இது தப்பிப்பது இதனால்தான்.

உடம்பில் ஈரம் இருக்கும்வரை தரையிலும் தாங்கும். மார்புத் துடுப்பு முட்களை ஊன்றி, உடம்பை நெளித்து நெளித்து நகரும். 1960-களில் அமெரிக்காவின் புளோரிடாவில் பண்ணையிலிருந்து தப்பிய ஆசிய இனம் ஒன்று மழை இரவுகளில் சாலையைக் கடந்து பரவியது இப்படித்தான்.

கேள்வி: தொட்டியில் வளர்க்க ஏரேட்டர் அவசியமா?

அதைவிட மூடி அவசியம். மூடிக்கு மேல் ஒரு கல்லும்.

கேள்வி (மட்டக்களப்பு): அண்ணை, எங்கட பக்கம் மழைக்கு வயலுக்குள்ள ஏறி வாற மீசை மீன் ஆபிரிக்கன்தானோ?

அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். இலங்கைக்கே உரிய கிளாரியாஸ் இனம் ஒன்று இருக்கிறது, கிளாரியாஸ் பிராக்கிசோமா. உலகில் வேறெங்கும் இல்லை. முதலில் முதுகுத் துடுப்பைப் பாருங்கள். தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வால்வரை நீளமாக ஓடினால் கிளாரியாஸ். முதுகில் சின்னதாக ஒரு துண்டு மட்டும் இருந்தால் அது தேளி, வேறு பேரினம். தேளியைக் கையால் தொடவே வேண்டாம், அதன் முள் விஷம் கடுமை.

கேள்வி: ஆப்பிரிக்காவில் இவை கூட்டமாக வேட்டையாடும் என்கிறார்களே, உண்மையா, யூடியூப் கதையா?

இந்த ஒரு கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன்.

போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ ஆறு. அங்கோலா மலைகளில் பெய்யும் மழை இறங்கி வந்து சமவெளியை மூழ்கடிக்கும். சிறு மீன்கள் அந்த வெள்ளக்காட்டில் பரவி, தின்று, பெருகும். பிறகு வெள்ளம் வடியும். ஆகஸ்ட் தொடங்கி நவம்பர்வரை, வடிகிற தண்ணீரோடு சிறு மீன்களும் ஆற்றுக்குள் தள்ளப்பட்டு, கரையோரப் பாப்பிரஸ் கோரைக்குள் ஒளிந்துகொள்ளும். கெளுத்திகளுக்கு இது அறுவடைக் காலம். கிளாரியாஸ் கேரிபைனஸ் (நம் சந்தையின் ‘ஆப்பிரிக்கன் கெளுத்தி’ இதுதான்), கிளாரியாஸ் ங்காமென்சிஸ் என்ற இரண்டு இனங்களும் நூற்றுக்கணக்கில் திரண்டு, கோரை ஓரமாகவே ஆற்றை எதிர்த்து மேலேறும். வாலால் கோரையை அடிக்கும். சத்தம் தூரத்திலேயே கேட்கும். மிரண்டு வெளியே பாயும் மீனை முன்னால் நிற்பவை விழுங்கும். வெளியே ஆழத்துக்குத் தப்பினால் அங்கே டைகர்மீன் காத்திருக்கும், மேலே கொக்கும் நாரையும்.

இரையில் பெரும்பங்கு மார்மிரிட் குடும்பத்து மீன்கள். அவை இரவில் மெல்லிய மின் துடிப்புகளை விட்டுத்தான் வழி பார்க்கும், தங்களுக்குள் பேசிக்கொள்ளும். கெளுத்தியின் தோலில் மின்புலத்தை உணரும் உறுப்புகள் உண்டு. பெரும்பாலான துடிப்புகள் அதற்கு எட்டாத அளவுக்கு மிகக் குறுகியவை. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஓர் இனத்தின் ஆண், பெண்ணைக் கவர நீண்ட துடிப்பு விடும். அது கெளுத்திக்கும் கேட்டுவிடும். காதலுக்குக் கொடுக்கும் விலை!

நைல், நைஜர் தொடங்கி தெற்கே ஆரஞ்சு ஆறுவரை, வடக்கே யோர்தான் ஆற்றைத் தாண்டித் தெற்குத் துருக்கிவரை ஆப்பிரிக்கன் கெளுத்தியின் சொந்த வீடு. அங்கே முதலையும் மீன்கொத்திக் கழுகும் இதைத் தின்ன இருக்கின்றன. பின்னால் வரப்போகும் சண்டைக்கு இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: குஞ்சு என்ன விலை?

முன்னுரையைப் படிக்கவும்.

கேள்வி: ஆப்பிரிக்கன் கெளுத்தி சாப்பிட்டால் கேன்சர் வருமாமே?

வாட்ஸ்அப்பில் வந்ததா? நைஜீரியாவில் இது அன்றாடச் சாப்பாடு, வளர்ப்பதில் ஆப்பிரிக்காவிலேயே முதலிடம் அவர்களுக்குத்தான். நெதர்லாந்திலும் கூடத்துக்குள் தண்ணீரைச் சுத்திகரித்து வளர்க்கிறார்கள். மீனில் பிழையில்லை. இங்கே திருட்டுத்தனமாக வளர்ப்பவர்கள் கோழிக்கழிவையும் அழுகிய இறைச்சியையும் கொட்டுகிறார்கள், சாக்கடைத் தண்ணீரில் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் ஈயம் இருந்தால் மீனிலும் ஏறும். அதில் ரோகுவை விட்டாலும் இதே கதைதான், ஆனால் ரோகு முதல் வாரத்திலேயே செத்துவிடும்.

கேள்வி (ஓசூர்): அப்படியென்றால் தடை அநியாயம்தானே? ஏழெட்டு மாதத்தில் கிலோவைத் தாண்டும் மீன். விவசாயி வயிற்றில் ஏன் அடிக்கிறீர்கள்?

நான் அடிக்கவில்லை. 2000-இல் மத்திய அரசு தடை செய்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் வளர்ப்பை ஒழிக்கச் சொன்னது. காரணம் கேன்சர் அல்ல, நம் ஆறு குளங்கள். ராஜஸ்தானில் பறவைகளுக்குப் பேர்போன கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள் இது புகுந்து, ஆயிரக்கணக்கில் பிடித்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. அங்கே பிடிபட்ட மீனின் வயிற்றில் தாழைக்கோழி இருந்தது. மீனை மீன் தின்பது போக, பறவையையும்! தின்ன முதலை இல்லாத ஊரில் இதை யார் தடுப்பது?

கேள்வி (அதே ஓசூர்): திலேப்பியாவை 1952-இல் கொண்டுவந்து ஊரெல்லாம் விட்டது யார்? பங்காசியஸுக்கு (கடையில் ‘பாசா’ என்று விற்கும் கெளுத்திக்கு) அனுமதி கொடுத்தது யார்? அவை மட்டும் நம் சொந்தக்காரர்களா?

திலேப்பியா விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். மொசாம்பிக் திலேப்பியா இல்லாத ஏரியை இன்று தேட வேண்டும். ஆனால் ஒரு தப்பு இன்னொரு தப்புக்கு லைசென்ஸ் ஆகாது.

பங்காசியஸ் வேறு ரகம். தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் மாதிரிப் பெரிய ஆற்றில் நெடுந்தூரம் போய்த்தான் முட்டையிடும். உங்கள் குளத்தில் தானாகப் பெருகாது, வரப்பைத் தாண்டவும் தாண்டாது. கிளாரியாஸ் புதுவெள்ளம் பாய்ந்த புல்வெளியில் முழங்கால் தண்ணீரில் முட்டையிடும். அந்த வெள்ளம் நமக்கு ஆண்டுதோறும் வருகிறது.

கேள்வி (இன்னொருவர்): நாலு பக்கமும் வலை கட்டி வளர்த்தால்?

2018 கேரள வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து என்னென்ன மீன் வெளியே போனது என்று விசாரியுங்கள். அமேசானின் ராட்சத மீனான அரபைமாகூடப் போயிற்று.

கேள்வி (ஓசூர், மூன்றாவது முறை): கடைசியில் அதிகாரி பக்கம் பேசுகிறீர்கள்.

மீன் பக்கம். குறிப்பாக மாகூர் பக்கம். பீகாரின் மாநில மீன் அது, இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் பட்டியலில். சதுப்பும் வயல் குட்டையும் போனது ஒரு காரணம். ஆப்பிரிக்கனோடு கலப்பு செய்து ‘மாகூர்’ என்றே விற்பது இன்னொன்று. கெளுத்திதான் வளர்க்க வேண்டும் என்றால் அசல் மாகூரைக் கேளுங்கள். புவனேஸ்வர் அருகே கௌசல்யகங்காவில் உள்ள நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் அதன் இனப்பெருக்க முறை இருக்கிறது. பொறுமை வேண்டும்: ஆணின் விந்தைப் பிதுக்கி எடுக்க முடியாது, மீனைக் கொன்று விந்துப்பையை எடுத்தாக வேண்டும். இதோடு இந்த வழக்கை முடிக்கிறேன்.

கேள்வி (ஈப்போ): இங்கே இக்கான் கெலி (மலாயில் கெளுத்தி) பாசாரில் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. மலேசியாவில் வளர்ப்பு சட்டப்படி நடக்கிறது. மண்வாடை அடித்தால் அது குளத்து நுண்ணுயிர்கள் விடும் ஜியோஸ்மின். உயிரோடு வாங்கினால் இரண்டு மூன்று நாள் தீனி போடாமல் சுத்தமான தண்ணீரில் விடுங்கள், குறையும். வழவழப்புக்குக் கல்லுப்பு போட்டுத் தேய்த்தால் போதும். புளி கொஞ்சம் தூக்கலாக.

கேள்வி: சக்கர் மீனும் இந்த வகைதானே?

இல்லை. தென் அமெரிக்கா, வேறு குடும்பம். அதையும் குளத்தில் விடாதீர்கள்.

கேள்வி: சார், குஞ்சு…

இல்லை.

கேள்வி: கழுவும்போது முள் குத்திவிட்டது, கை வீங்கியிருக்கிறது. என்ன செய்ய?

என்னிடம் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, தாங்கும் சூட்டு வெந்நீரில் கையை முக்கி வையுங்கள், வலி அடங்கும். முள் முனை உள்ளே ஒடிந்திருக்கலாம், அதை நீங்களே நோண்டாதீர்கள். சேற்று மீன் என்பதால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். டாக்டரைப் பார்த்து டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள், இன்றைக்கே.