'சினிஃபைல்'னு போட்டா தப்பா அர்த்தம் வருமா?

வாசகி ஒருத்தர் கேட்டிருக்காங்க: "ப்ரொஃபைல்ல 'சினிஃபைல்'னு போட்டிருக்கேன், அது ஏதோ மனநோய் பேரு, உடனே தூக்குன்னு தம்பி சொல்றான், எடுத்துடவா?"

எடுக்காதீங்க. சினிமாவை உயிரா நேசிக்கிற ஆள், அவ்ளோதான் அர்த்தம். பின்னாடி வர்ற 'ஃபைல்' கிரேக்கத்துல பிரியத்தைக் குறிக்கிற 'ஃபிலோஸ்'லேர்ந்து வந்தது, முன்னாடி இருக்கிற 'சினி'யோட வேர் அசைவைக் குறிக்கிற 'கினேமா'. லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 பாரிஸ்ல டிக்கெட் போட்டு படம் காட்டினாங்களே, அந்த மெஷின் பேரு சினிமாட்டோகிராஃப், அதை பிரெஞ்சுக்காரங்க சினிமான்னு சுருக்கி, இன்னும் சுருக்கி சினின்னாக்கி, கூட ஃபைலை ஒட்டிக்கிட்டாங்க.

தம்பி பயப்படுறது ஏன்னு புரியுது, இதே மாதிரி முடியுற 'பீடோஃபைல்'ங்கிற வார்த்தை (குழந்தைங்க மேல பாலியல் ஆசை உள்ளவர்) கிரைம் நியூஸ்ல அடிக்கடி வருது. ஆனா புத்தகப் பிரியரை பிப்லியோஃபைல்னுதான் சொல்றோம், அவர் என்ன நோயாளியா? ஸ்கூல்ல ஸ்பெல்லிங்கை மட்டும் உருப்போட வைக்கிறாங்க, வேர்ச்சொல்லுக்கு ஒரு பீரியட் ஒதுக்க மாட்டேங்குறாங்க, எத்தனை தடவைதான் கத்துறது.

இதைவிட பெரிய தொல்லை ஃபார்வர்ட் மெசேஜ்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரிவாக்கம் போட்டு "இதுதான் இந்த வார்த்தை பிறந்த கதை"ன்னு எது வந்தாலும் நம்பாதீங்க, பழைய வார்த்தைங்க அப்படிப் பிறக்கிறதே இல்ல. அதேமாதிரி காசு வாங்கிட்டு 'சினிஃபைல் சர்டிஃபிகேட்' தர்றேன்னு எவனாவது வந்தா ஒத்த ரூபா குடுக்காதீங்க. இது பட்டம் இல்லங்க, படத்தை ஆசையா பார்த்தாலே நீங்க சினிஃபைல்தான், யாரும் கையெழுத்து போடத் தேவையில்ல.

ஒரே ஒரு இடத்துல மட்டும் கவனம்: 'சினியாஸ்ட்'. கேட்க ஸ்டைலா இருக்குன்னு மாத்திடாதீங்க. 1920கள்ல லூயி டெல்லுக்னு ஒரு பிரெஞ்சு விமர்சகர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வார்த்தை, பிரெஞ்சுல அதுக்கு படம் எடுக்கிறவர்னு அர்த்தம். இங்கிலீஷ்ல ரசிகருக்கும் சொல்றாங்க, அகராதியிலயும் ரெண்டு அர்த்தமும் இருக்கும். ஆனா நீங்க படமே எடுக்காம அதைப் போட்டா, பிரெஞ்சு தெரிஞ்சவர் "எந்தப் படம் டைரக்ட் பண்ணீங்க"ன்னு கேட்பார், அப்புறம் உட்கார்ந்து விளக்கணும். படம் எடுத்திருந்தா தாராளமா போடுங்க, குறும்படமா இருந்தாலும் சரி.

'ஃபிலிம் பஃப்'பும் ஓகேதான், அதுக்கும் சினிமாப் பிரியர்னுதான் அர்த்தம், கொஞ்சம் லேசான வார்த்தை. உங்களுக்கு சினிஃபைலே போதும், தம்பிகிட்ட பிப்லியோஃபைல் உதாரணத்தைச் சொல்லுங்க.