நிபுணர்கள் பார்த்த பிறகும் பொய் எப்படி அச்சேறுகிறது?

கேள்வி: நிபுணர்கள் சரிபார்த்த பிறகுதான் ஆய்விதழில் கட்டுரை வரும் என்கிறார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய கட்டுரையும் லான்செட் என்ற மருத்துவ இதழில்தானே வந்தது? என் குழந்தைக்கு ஊசி போடவே பயமாக இருக்கிறது.

பதில்: சரிபார்ப்பு என்றால் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் கட்டுரையை இதழாசிரியர் படிப்பார், நிறைய அங்கேயே திரும்பிவிடும், தேறியதை அதே துறைக்காரர்கள் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். மதிப்பாய்வாளர்கள் எனப்படும் இவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், சொந்த வேலைக்கு நடுவில் படித்து, இந்தக் கணக்கு இடிக்கிறது, இந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்று எழுதித் தருவார்கள். போடுவதா வேண்டாமா என்பது ஆசிரியர் கையில்.

எழுதியிருப்பதில் உள்ள ஓட்டையை இந்த முறை நன்றாகவே பிடிக்கும். ஈர்ப்பு அலைகளே கிடையாது என்று ஐன்ஸ்டைனும் அவரோடு வேலை செய்த நாதன் ரோசனும் 1936-ல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' என்ற இயற்பியல் இதழுக்கு எழுதினார்கள். மதிப்பாய்வாளர் பத்துப் பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதினார். அச்சாகும் முன் வேறொருவரிடம் எப்படிக் காட்டலாம் என்று ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டார். அடுத்த வருடம் வேறு இதழில் வந்தபோது முடிவே மாறியிருந்தது. பெயரைப் பார்த்துச் சலுகை தராத அந்த மதிப்பாய்வாளர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் தகவலே பொய் என்றால்? நீங்கள் கேட்ட, மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் அந்த 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. மதிப்பாய்வாளர் யாரும் மருத்துவமனைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டுவதில்லை, எழுதியவர் நேர்மையானவர் என்று நம்பித்தான் படிக்கிறார். பதிவேட்டில் இருந்தது ஒன்று, கட்டுரையில் வந்தது ஒன்று என்பதையும், தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடத் தயாரான வழக்கறிஞர் தரப்பிடம் வேக்ஃபீல்ட் பணம் வாங்கியதையும் தோண்டி எடுத்தவர் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர். லான்செட் கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெற்றது 2010-ல். 12 வருடம்! அதற்குள் பிரிட்டனில் எத்தனையோ பெற்றோர் பயந்துபோய் ஊசியைத் தவிர்த்துவிட்டார்கள்.

அதனால் யாராவது ஒற்றைக் கட்டுரையைக் காட்டினால், வேறு குழுக்களும் இதையே கண்டார்களா என்று கேளுங்கள். டென்மார்க்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். எம்எம்ஆர் போட்ட குழந்தைகளுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. பயப்படாமல் ஊசி போடுங்கள், தட்டம்மை லேசான நோய் இல்லை.